மூணு வேளைக்குக் குடு

மாலை ஏழு மணிக்கு மேல் எந்த ஊர் மெடிக்கலில் நின்றாலும் இந்தக் குரல் கேட்கும்: "இடுப்பு பிடிச்சுக்கிச்சு தம்பி, மூணு வேளைக்குக் குடு." தம்பி மறுகேள்வி கேட்பதில்லை. டிராயரை இழுத்து அட்டைகளை எடுக்கிறான், கத்தரிக்கோலால் நறுக்குகிறான், சின்னக் காகித உறையில் போட்டுத் தருகிறான். சட்டப்படி மருத்துவர் சீட்டு இல்லாமல் விற்கக்கூடாத சரக்கு அது. அந்த நேரத்தில் அந்தச் சட்டம் இருவருக்குமே நினைவில் இருப்பதில்லை.

போன தை மாதம் தண்ணீர் கேனைத் தூக்கிக் கவிழ்க்கும்போது எனக்கும் குறுக்கில் சுரீரென்றது. நானும் அதே குரலில் அதையே கேட்டு வாங்கிவந்தேன். வீட்டில் உறையை மேசைமேல் கவிழ்த்தால் ஒன்பது உருப்படி: ஆரஞ்சு நிற நீள மாத்திரை மூன்று, வயிற்றுக்கென்று மஞ்சள் மாத்திரை மூன்று, சத்துக்கென்று சிவப்புக் கேப்சூல் மூன்று. அட்டையை நறுக்கியதில் மருந்தின் பெயர் பாதிதான் என்னிடம் வந்திருந்தது. காலாவதித் தேதி வேறு யார் வீட்டுக்கோ போயிருந்தது. கண்ணாடியை மாட்டிக்கொண்டு பொடி எழுத்தைப் படித்தபோதுதான் அந்த ஆரஞ்சு மாத்திரைக்குள்ளேயே மூன்று மருந்து இருப்பது தெரிந்தது: அசிக்ளோஃபினாக், பாராசிட்டமால், தயோகோல்ச்சிகோசைடு. இவற்றில் எது என் இடுப்புக்கு என்ன செய்கிறது, அதை யார் எப்படிச் சோதித்துப் பார்த்தார்கள்? இடுப்புப் பிடிப்பு எட்டாம் நாள் விட்டது. இந்தக் கேள்வி விடவில்லை.

உலக நோய்ச்சுமை ஆய்வின் கணக்குப்படி 2020-ல் இடுப்பு வலிக்காரர்கள் 61.9 கோடிப் பேர். 2050-ல் 84.3 கோடி ஆகும் என்கிறார்கள். மனிதரை முடக்கிப்போடும் காரணங்களில் முதலிடம் இதற்குத்தான். ஆனால் பத்தில் ஒன்பது பேருக்கு வலி இன்ன இடத்திலிருந்துதான் வருகிறது என்று விரல் வைத்துச் சொல்ல முடியாது. ஸ்கேன் படத்தைத் தூக்கிப் பிடித்து, "ஜவ்வு விலகியிருக்கு" என்பார்கள். 1994-ல் வெளிவந்த ஓர் ஆய்வுக்காக அமெரிக்காவில் இடுப்பு வலியே இல்லாத 98 பேருக்கு எம்.ஆர்.ஐ. எடுத்துப் பார்த்தார்கள். அவர்களில் 64 விழுக்காட்டினருக்கு ஏதாவது ஒரு ஜவ்வு இயல்பு மாறித்தான் இருந்தது. அவர்கள் பாட்டுக்கு நடமாடிக்கொண்டிருந்தார்கள். வலி புறப்படும் இடமே தெரியாதபோது மருந்துக்கு எழுதும் முகவரியும் குத்துமதிப்பாகத்தானே இருக்கும்?

முதலில் பாராசிட்டமால். காய்ச்சலுக்குப் போடுவது, வயிற்றைக் கெடுக்காது, குழந்தைக்கும் கொடுக்கலாம் என்று நல்ல பெயர் எடுத்த மாத்திரை. பல காலம் இடுப்பு வலிக்கு முதல் மருந்தாக மருத்துவ வழிகாட்டு நூல்கள் இதைத்தான் எழுதின. அது எந்த ஆதாரத்தில் என்று ஆஸ்திரேலியாவில் சிலர் கேட்டார்கள். சிட்னி நகரத்து மருத்துவர்கள், மருந்தாளுநர்கள் வழியாகப் புதிதாக இடுப்பு பிடித்த 1,650-க்கும் மேற்பட்டவர்களைச் சேர்த்து மூன்றாகப் பிரித்தார்கள். ஒரு பிரிவுக்கு நாள்தோறும் ஏறக்குறைய 4 கிராம் பாராசிட்டமால். இன்னொன்றுக்கு வலித்தால் மட்டும். மூன்றாவதற்கு மருந்தே இல்லாத வெற்று மாத்திரை. யார் எதை விழுங்குகிறார் என்பது கொடுப்பவருக்கும் தெரியாது, வாங்குபவருக்கும் தெரியாது. 2014-ல் முடிவு வந்தது. வலி விட ஆன நாட்கள் முதல் பிரிவில் 17, இரண்டாவதில் 17, வெற்று மாத்திரையில் 16.

இந்த மூன்று எண்களையும் நான் பல தடவை திருப்பிப் பார்த்திருக்கிறேன். பாராசிட்டமால் தோற்றது என்பது ஒரு பக்கம். பன்னிரண்டு வாரத்துக்குள் எந்தப் பிரிவிலும் நூற்றுக்கு எண்பது பேருக்கு மேல் தேறிவிட்டார்கள் என்பதுதான் எனக்குப் பெரிதாகப் பட்டது. இடுப்புப் பிடிப்பு பெரும்பாலும் தானாக வடிகிற வெள்ளம். நடுவில் யார் எதைக் கொடுத்தாலும் வடிந்த பெருமை அவருக்குப் போய்விடும். எண்ணெய் நீவிவிட்ட பாட்டி, ஊசி போட்ட டாக்டர், மந்திரித்த பூசாரி, மூன்று வேளைக்கு நறுக்கித் தந்த தம்பி, எல்லாருடைய கைராசியும் இந்தப் பதினேழு நாளுக்குள்தான் இருக்கிறது. பிரிட்டனின் அரசு வழிகாட்டுதல் 2016-லேயே, இடுப்பு வலிக்குப் பாராசிட்டமாலைத் தனியாகக் கொடுக்காதீர்கள் என்று எழுதிவிட்டது.

அடுத்தது ஆரஞ்சு மாத்திரையின் மூத்த பங்காளி. அசிக்ளோஃபினாக், டைக்ளோஃபினாக், ஐபுபுரோஃபென், நாப்ராக்சென், எடோரிகாக்சிப் எல்லாம் ஒரே குடும்பம். ஸ்டீராய்டு இல்லாத வீக்க அடக்கிகள். அடிபட்ட இடத்தில் உடல் புரோஸ்டாகிளாண்டின் என்ற பொருளைச் சுரந்து வலியையும் வீக்கத்தையும் கிளப்புகிறது. ஆஸ்பிரின் அந்தச் சுரப்பைத் தடுக்கிறது என்று 1971-ல் பிரிட்டனின் ஜான் வேன் காட்டினார். 1982-ல் நோபல் பரிசில் பங்கு பெற்றார். மாத்திரைகளில் ஓரளவாவது தேர்வில் தேறியது இந்தக் குடும்பம்தான். அதன் மதிப்பெண்ணையும் சொல்லிவிட வேண்டும். உலகத்துச் சோதனைகளையெல்லாம் திரட்டி எடைபோடும் காக்ரேன் அமைப்பின் கணக்கில், வலியை 0 முதல் 100 வரை அளந்தால், வெற்று மாத்திரையைவிட இவை கூடுதலாகக் குறைப்பது சுமார் 7. புதிய வலியிலும் ஏழு, நாள்பட்ட வலியிலும் ஏறக்குறைய ஏழு. அறுபதில் இருக்கும் வலி ஐம்பத்து மூன்றாகும். குனிந்து செருப்பு மாட்ட அது போதும். ஆனால் தொலைக்காட்சி விளம்பரத்தில் முதுகின்மேல் எரியும் சிவப்பு நெருப்பு ஒரு நொடியில் நீலமாகி அணைகிறதே, அது இந்த ஏழில் அடங்காது.

இதற்கு விலையும் உண்டு. வயிற்றின் உள்தோலைக் காப்பதும் அதே புரோஸ்டாகிளாண்டின்தான். அதைத் தடுத்தால் புண் வரும், சிலருக்கு இரத்தம் கசியும். மஞ்சள் மாத்திரை உறைக்குள் வந்தது அதனால். அது நம் ஊரில் 'கேஸ் மாத்திரை' என்று பெயர் மாறி, வலி மாத்திரை நின்ற பிறகும் ஆண்டுக்கணக்கில் தொடர்வது தனிக் கதை. இதயம் அடுத்தது. வயிற்றைக் கெடுக்காத வலி மாத்திரை என்று கொண்டாடப்பட்ட ரோஃபகாக்சிப், மாரடைப்பைக் கூட்டுகிறது என்று தெரிந்து 2004 செப்டம்பரில் உலகச் சந்தையிலிருந்தே திரும்பப் பெறப்பட்டது. அந்த அபாயம் கூடுதலாகவோ குறைவாகவோ குடும்பம் முழுக்க ஓடுகிறது. டைக்ளோஃபினாக் அதில் முன்வரிசை.

சிறுநீரகத்தைப் பற்றிச் சொல்லக் கழுகுகளைக் கூப்பிட வேண்டியிருக்கிறது. தொண்ணூறுகளில் இந்தியாவின் பிணந்தின்னிக் கழுகுகள் கூட்டம் கூட்டமாகச் செத்தன. மாட்டுக்கு வலிக்காகப் போட்ட டைக்ளோஃபினாக், செத்த மாட்டின் இறைச்சி வழியே கழுகுக்குள் போய் அதன் சிறுநீரகத்தை நிறுத்திவிட்டது என்று 2004-ல் தெரிந்தது. 2006-ல் கால்நடைக்கு அந்த மருந்தை இந்தியா தடைசெய்தது. மனிதருக்கான பெரிய குப்பிகளை வாங்கி மாட்டுக்குப் போடுவது நிற்கவில்லை. 2015-ல் மனித ஊசி மருந்தையும் 3 மில்லி ஒற்றைக் குப்பியாகச் சுருக்கினார்கள். இன்று மாயாற்றுப் பள்ளத்தாக்கில் எஞ்சிய கழுகுகளை எண்ணிக்கொண்டிருக்கிறோம். மனிதச் சிறுநீரகம் அவ்வளவு மெலிந்ததில்லைதான். ஆனால் இரத்தக் கொதிப்புக்குச் சில வகை மாத்திரைகளும், நீர் பிரிய ஒரு மாத்திரையும் சாப்பிடுகிற அறுபது வயதுக்காரர், வேகிற வெயிலில் தண்ணீர் குடிக்காமல் வேலை செய்துவிட்டு இரவில் ஒரு வலி மாத்திரையும் போட்டால், மூன்றும் சேர்ந்து சிறுநீரகத்துக்குப் போகும் இரத்தத்தைக் குறைக்கின்றன. கடைத் தம்பி கேட்காத கேள்விகளில் இது முக்கியமானது.

"ஊசி போட்டாத்தான் கேட்கும்" என்பது நம்மிடையே ஒரு மதம். புட்டத்தில் போடும் டைக்ளோஃபினாக் ஊசி கொஞ்சம் வேகமாக வேலைசெய்யலாம். இடம் தவறினால் காலுக்குப் போகும் பெரிய நரம்பையே குத்தியதாகும். களிம்பு? 2024-ல் வெளிவந்த ஓர் அமெரிக்கச் சோதனையில் இடுப்பு பிடித்து அவசரப் பிரிவுக்கு வந்த 198 பேரில் ஐபுபுரோஃபென் விழுங்கியவர்கள் டைக்ளோஃபினாக் ஜெல் தடவியவர்களைவிட நன்றாகத் தேறினார்கள். இரண்டையும் சேர்த்துச் செய்தவர்களுக்குக் கூடுதல் பலன் எதுவும் கிடைக்கவில்லை. முழங்காலுக்கு உதவுகிற களிம்பு, அத்தனை தசைக்குக் கீழே இருக்கிற முதுகெலும்பை எட்டவில்லை போலும்.

மூன்றாவது பங்காளியின் பூர்வீகம் தெரிந்ததும் நாற்காலியிலிருந்து எழுந்தேவிட்டேன், இடுப்பு வலியோடு. தயோகோல்ச்சிகோசைடு செங்காந்தளிலிருந்து வருகிறது. தமிழ்நாட்டின் மாநில மலர், ஈழத்தில் கார்த்திகைப்பூ, உழவர் வாயில் கண்வலிக் கிழங்கு. மூலனூர், தாராபுரம், ஒட்டன்சத்திரம் பக்கம் ஆடி ஆவணியில் கிழங்கு நட்டுக் கம்பியில் படரவிடுகிறார்கள். நெருப்புக் கொழுந்துபோல் இதழ் மேல்நோக்கி வளைந்த பூ. மகரந்தம் தானாகச் சேருவதை நம்ப முடியாது என்பதால் காலை நேரத்தில் பெண்கள் வரிசை வரிசையாகப் போய்ப் பூவுக்குப் பூ கையால் தொட்டுச் சேர்த்துவிடுகிறார்கள். காய் முற்றி வெடித்தால் உள்ளே செந்நிற விதை. அந்த விதையில் இருக்கும் கோல்ச்சிசின் ஊட்டவாதத்துக்கு மருந்து, அளவு மிஞ்சினால் உயிரெடுக்கும் நஞ்சு. அதனோடு இருக்கும் இன்னொரு பொருளைச் சற்று மாற்றித்தான் தசை இளக்கி செய்கிறார்கள். விதை பெரும்பாலும் வெளிநாட்டுக்குப் போய்விடுகிறது.

அந்த மருந்து உடலுக்குள் உடைந்து உண்டாகும் ஒரு பொருள், பிரியும் உயிரணுக்களில் குரோமோசோம் எண்ணிக்கையைக் குலைக்கக்கூடும் என்று கண்டு, 2013 நவம்பரில் ஐரோப்பிய மருந்து முகமை வரம்பு கட்டியது: மாத்திரை ஏழு நாளுக்கு மேல் கூடாது, ஊசி ஐந்து நாள், கர்ப்பிணிக்கும் பாலூட்டும் தாய்க்கும் பதினாறு வயதுக்குக் கீழும் கூடாது. எனக்குத் தந்த உறையில் மூன்று கோடு மட்டும் கிழித்திருந்தது. என் இடத்தில் கருவுற்ற ஒரு பெண் நின்றிருந்தாலும் அதே மூன்று கோடுதான்.

தசை இளக்கிகள் வேலைசெய்கின்றனவா என்றால், புதுப் பிடிப்பில் முதல் இரண்டு வாரம் கொஞ்சம். கூடவே தூக்கமும் தலைச்சுற்றலும். நியூயார்க் மருத்துவமனை ஒன்றின் அவசரப் பிரிவில் 323 பேரிடம் நடந்த சோதனை 2015-ல் வந்தது. எல்லாருக்கும் நாப்ராக்சென், சிலருக்கு அதோடு தசை இளக்கி, சிலருக்கு அபின் வகை மருந்து, சிலருக்கு வெற்று மாத்திரை. ஒரு வாரம் கழித்துப் பார்த்தால் மூன்று கூட்டமும் ஒன்றுபோலவே நடமாடின. சேர்த்துக் கொடுத்தால் வேகமாக விடும் என்ற நம் கூட்டணித் தத்துவம் அங்கே எடுபடவில்லை. ஆனாலும் இந்தியச் சந்தை கூட்டணியால் நிரம்பியது. 2016-ல் 344 கலவை மருந்துகளுக்கு மத்திய அரசு தடை போட்டது, வழக்குகள் நடந்தன, 2018-ல் 328-க்கு மறுபடி தடை, 2024 ஆகஸ்டில் இன்னும் 156. கடைசிப் பட்டியலில் 50 மில்லிகிராம் அசிக்ளோஃபினாக்கும் 125 மில்லிகிராம் பாராசிட்டமாலும் சேர்ந்த மாத்திரை இருக்கிறது. வேறு அளவில் அதே ஜோடி கடையில்தான் இருக்கிறது. செராஷியோபெப்டிடேஸ் என்ற பட்டுப்புழுக் குடல் நுண்ணுயிரின் நொதி, வெற்று மாத்திரையை வெல்ல முடியாமல் 2011-ல் ஜப்பானில் விற்ற நிறுவனமே திரும்பப் பெற்றுக்கொண்டது. நம் வலி மாத்திரைகளில் அது இன்னும் மூன்றாவது பங்காளியாகக் குடியிருக்கிறது.

வலி காலுக்கு இறங்கினால் 'நரம்பு மாத்திரை' எழுதுவார்கள், பெரும்பாலும் ப்ரீகாபலின். வலிப்பு நோய்க்கும் சர்க்கரைக்காரர்களின் நரம்பு எரிச்சலுக்கும் அது உதவும். இடுப்பிலிருந்து காலுக்கு ஓடும் வலியில் 209 பேரிடம் ஆஸ்திரேலியாவில் சோதித்து 2017-ல் வெளியிட்டபோது, வலியில் வித்தியாசம் இல்லை, தலைச்சுற்றல் மட்டும் மிகுதி. மனச்சோர்வு மருந்தான டுலோக்செட்டின் நாள்பட்ட வலியில் சிறிதளவு பயன் காட்டுகிறது. சிவப்புச் சத்துக் கேப்சூல் பற்றிச் சொல்ல, சிறுநீர் மஞ்சளாகப் போகும் என்பதைத் தவிர, எனக்கு அதிகம் இல்லை.

அபின் வகை மருந்துகளின் கதையை அமெரிக்கா எழுதிவிட்டது. 1996-ல் ஆக்ஸிகோடோனின் நீடித்து வேலைசெய்யும் வடிவம் சந்தைக்கு வந்தது முதல் அங்கே போன உயிர்களை உலகம் அறியும். விட்டுப்போன கேள்வி, அது இடுப்பு வலியையாவது குறைத்ததா என்பது. மினியாபொலிஸில் 240 முன்னாள் படைவீரர்களிடம் ஓராண்டு நடந்து 2018-ல் வெளிவந்த சோதனையில், முதுகு, மூட்டு வலிக்கு அபின் வகை மருந்து சாதாரண மாத்திரைகளைவிட மேலாக எதுவும் செய்யவில்லை. 2023-ல் வெளிவந்த இன்னொரு சோதனையில் ஆஸ்திரேலியாவில் 347 பேரிடம், புதிதாகப் பிடித்த இடுப்பு, கழுத்து வலிக்கு ஆறு வாரம் கொடுத்துப் பார்த்தார்கள். வெற்று மாத்திரைக்கும் அதற்கும் பேதமில்லை. ஓராண்டு கழித்து, அபின் சாப்பிட்ட கூட்டமே சற்றுக் கூடுதல் வலியோடு இருந்தது. இந்தக் குடும்பத்தின் டேபென்டடால் நம் ஊரில் வலி மாத்திரையாகவே விற்கிறது. 'போதைக்காக வலி நிவாரண மாத்திரை விற்ற மூவர் கைது' என்று மாவட்டச் செய்தியில் வருவது பெரும்பாலும் இதுதான். பையன்கள் கரைத்து ஊசியில் ஏற்றிக்கொள்கிறார்கள். கேரிசோப்ரடால் என்ற தசை இளக்கியோடு இதைச் சேர்த்து ஆப்பிரிக்காவுக்கு அனுப்பிய சரக்கை 2025 பிப்ரவரியில் இந்தியா தடுத்து நிறுத்தியது.

சில இடங்களில் பெயரில்லாத உதிரி மாத்திரைகளைப் பொட்டலம் கட்டித் தருவார்கள். ஒரே வேளையில் எழுந்து ஓடவைக்கும் அந்தப் பொட்டலத்தில் பெரும்பாலும் ஸ்டீராய்டு இருக்கும். மாதக்கணக்கில் போட்டால் முகம் உப்பும், சர்க்கரை ஏறும், எலும்பு பொரியாகும். பொரிந்த எலும்பு முறிந்து வருவதும் இடுப்பு வலிதான்.

புது மருந்துக்கான தேடலும் சறுக்கல் நிறைந்தது. ஜவ்வை ஒட்டிய எலும்பில் கிருமி இருக்கலாம் என்று நூறு நாள் ஆன்டிபயாட்டிக் கொடுத்து 2013-ல் டென்மார்க் ஆய்வு ஒன்று பரபரப்பூட்டியது. நார்வேயில் 180 பேரிடம் மறுபடி சோதித்து 2019-ல் வெளியிட்டபோது சொல்லிக்கொள்ளும்படி பலன் இல்லை. நரம்பு வளர்ச்சிப் புரதத்தைத் தடுக்கும் டனேசுமாப் ஊசி வலியைக் குறைத்தது, கூடவே சிலரின் மூட்டையும் அரித்தது, 2021-ல் கைவிட்டார்கள். சுசெட்ரிஜின் என்ற புது வகை மருந்துக்கு 2025 ஜனவரியில் அமெரிக்க அனுமதி கிடைத்தது, திடீர் வலிகளுக்கு. இடுப்பிலிருந்து காலுக்கு ஓடும் வலியில் அதைச் சோதித்தபோது பத்துக்கு 2.02 புள்ளி குறைந்தது. வெற்று மாத்திரை சாப்பிட்டவர்களுக்கு 1.98.

இந்த வெற்று மாத்திரையைத் தனியே கவனிக்க வேண்டும். லிஸ்பனில் நாள்பட்ட வலிக்காரர்கள் 97 பேரைச் சேர்த்து, ஒரு பாதிப் பேருக்குப் புட்டியிலேயே 'வெற்று மாத்திரை' என்று எழுதி, இதில் மருந்தே இல்லை என்று விளக்கிச் சொல்லி, நாளைக்கு இரண்டு வேளை போடச் சொன்னார்கள். மூன்று வாரத்தில் அவர்களின் வலி 30 விழுக்காடு குறைந்தது. வழக்கமான சிகிச்சை மட்டும் பெற்றவர்களுக்கு 9. ஆய்வு 2016-ல் வெளிவந்தது. அடுத்த வேளைக்கு ஒன்றைக் கையில் எடுத்துத் தண்ணீர் ஊற்றி விழுங்குவதே ஏதோ செய்கிறது. என் மேசைமேல் கிடந்த ஒன்பது உருப்படிகளை அதற்குப் பிறகு கொஞ்சம் மரியாதையோடுதான் பார்த்தேன்.

2023 டிசம்பரில் உலக சுகாதார நிறுவனம் நாள்பட்ட இடுப்பு வலிக்கென்று முதல் வழிகாட்டுதலை வெளியிட்டது. மருந்துக் கடையில் அது நுழைந்து வெளியே வந்தபோது கையில் இருந்தவை இரண்டே: வீக்க அடக்கி மாத்திரை, மிளகாய்க் களிம்பு. அபின், ஸ்டீராய்டு, தசை இளக்கி, வலிப்பு மருந்து, மனச்சோர்வு மருந்து எதையும் வழக்கமாகக் கொடுக்க வேண்டாம் என்றது; இடுப்பு பெல்ட்டையும் கழற்றச் சொன்னது. மிளகாய் வேடிக்கை இல்லை. அதன் காரமான கேப்சைசின், சூட்டை உணரும் நரம்பு வாயிலைத் தட்டித் தட்டிச் சோர வைக்கிறது. அந்த வாயிலை 1997-ல் கண்டுபிடித்த டேவிட் ஜூலியஸ் 2021-ல் நோபல் பரிசில் பங்கு பெற்றார். சூட்டுக்கும் சாட்சி உண்டு. 371 பேரிடம் நடந்து 2002-ல் வெளிவந்த சோதனையில், எட்டு மணி நேரம் இளஞ்சூடு தரும் பட்டை இரண்டு நாளில் பாராசிட்டமாலையும் ஐபுபுரோஃபெனையும் முந்தியது. பட்டை தயாரித்தவர்களே பணம் போட்ட ஆய்வு என்பதையும் சேர்த்தே படிக்க வேண்டும். நொச்சி இலையை வதக்கித் துணியில் முடிந்து ஒத்தடம் கொடுத்த அத்தைக்கு யாரும் பணம் போட்டதில்லை.

மாத்திரை கெடுதல் செய்யும் ஓர் இடம் உண்டு. ஒரு மாதத்துக்கு மேல் வலி, மாலையில் காய்ச்சல், எடை குறைவு என்றால் நம் நாட்டில் முதுகெலும்புக் காசநோயை நினைக்க வேண்டும்; மூன்று வேளை உறைகள் அதை மாதக்கணக்கில் மூடி மறைத்துவிடும். சிறுநீர் அடக்க முடியாமல் போனாலோ, வராமல் நின்றாலோ, தொடையிடுக்கு மரத்தாலோ, கால் தளர்ந்தாலோ அன்றைக்கே பெரிய ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். தாமதிக்கும் ஒவ்வொரு மணிக்கும் நரம்பு போகும்.

ஆடியில் எனக்கு மறுபடி பிடித்தது. இந்தத் தடவை டாக்டரைப் பார்த்தேன். இரத்தக் கொதிப்பு, சிறுநீரகம், வயிறு எல்லாம் விசாரித்துவிட்டு ஒரே ஒரு மருந்தை எழுதினார்: நாப்ராக்சென், மூன்று நாள், சாப்பாட்டுக்குப் பின். படுத்தே கிடக்காதீங்க, நடங்க என்றார். சீட்டைக் கடைத் தம்பியிடம் நீட்டினேன். டிராயர் டிராயராகத் தேடினான்.

"இதோட வேற எதுவும் எழுதலையா சார்?"

"இல்லப்பா."

"தனியா வர்றதை யாரும் கேக்குறதில்ல சார். சொல்லி வைக்கிறேன், நாளைக்கு வாங்க."